அலர்ட் கோட்டிலேயே வண்டியைக் கூப்பிடுங்கள்: கடற்கரைப் பிரசவ அறைக்கு வரும் நர்ஸ் தங்கச்சிகளுக்கு

நமக்குப் பிரசவம் பார்க்கக் கற்றுக்கொடுத்தவர்கள் எல்லோரும் பெரிய ஆஸ்பத்திரியில் வைத்துத்தான் கற்றுக்கொடுத்தார்கள். அங்கே லேபர் வார்டுக்குப் பக்கத்துக் கதவு ஆபரேஷன் தியேட்டர். மாடிப்படி இறங்கினால் ரத்த வங்கி. ஒரு குரல் கொடுத்தால் மேற்படிப்பு படிக்கும் பி.ஜி டாக்டர் ஓடி வருவார். ராமநாதபுரம் கடற்கரையில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நைட் டியூட்டிக்கு உட்காரும்போது அறையில் இருப்பது நீங்களும் ஓர் ஆயாம்மாவும். டாக்டர் போனில் இருப்பார். ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு 55 கிலோமீட்டர், அங்கிருந்து மதுரை ராஜாஜி மருத்துவமனைக்கு இன்னும் 115 கிலோமீட்டர். தொண்டிப் பக்கமோ சாயல்குடிப் பக்கமோ இருந்தாலும் மாவட்டத் தலைநகருக்கு ஒரு மணி நேரம் ஆகத்தான் செய்யும். இந்தத் தூரத்தைக் கணக்கில் வைத்துக்கொண்டு பிரசவம் பார்ப்பது தனி வேலை. அதை யாரும் சொல்லி அனுப்புவதில்லை. நானும் கேட்க ஆளில்லாமல் பயந்து பயந்துதான் கற்றுக்கொண்டேன். அந்தப் பயம் உங்களுக்குப் பாதியாவது குறையட்டும் என்று வேலையின் வரிசையிலேயே எழுதுகிறேன். தலைப்பில் இருக்கும் அலர்ட் கோடு, பிரசவம் எந்த வேகத்தில் முன்னேறுகிறது என்று குறித்துவரும் பார்ட்டோகிராஃப் என்ற வரைபடத்தில் உள்ள எச்சரிக்கைக் கோடு. அதன் இடம் வரும்போது விவரமாகச் சொல்கிறேன்.

முதலில் பணம் போகும் இடம். டிப்ளமா 3 வருடமோ பி.எஸ்சி 4 வருடமோ, எதை முடித்தாலும் தமிழ்நாடு நர்ஸஸ் அண்டு மிட்வைவ்ஸ் கவுன்சிலில் பதிவான பிறகுதான் வேலை. பதிவுச் சான்றில் நர்ஸ், மிட்வைஃப் இரண்டும் இருக்கிறதா என்று அங்கேயே பார்த்து வாங்குங்கள். தனியார் ஆஸ்பத்திரியில் சேரும்போது அசல் சான்றிதழைக் கேட்டு வாங்கி பீரோவில் பூட்டிக்கொள்ளும் இடங்கள் உண்டு. இரண்டு வருடம் முடிக்காமல் போனால் இவ்வளவு கட்ட வேண்டும் என்று பத்திரத்திலும் கையெழுத்து வாங்குவார்கள். அரசு வேலை ஆணை கைக்கு வரும் நாளில் அசலை மீட்க மாதக்கணக்கான சம்பளத்தைக் கட்டிவிட்டு அழுகிற பிள்ளைகளைப் பார்க்கத்தான் செய்கிறோம். அசலைக் காட்டுங்கள், சரிபார்த்ததும் கையோடு வாங்கி வந்துவிடுங்கள், நகலை மட்டும் கொடுங்கள். மறுத்தால் அந்த இடம் வேண்டாம். அரசு வேலை மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் எம்.ஆர்.பி தேர்வு வழியாக வருகிறது. அதிலும் முதலில் தொகுப்பூதியம்தான். 2015-இல் வந்தவர்கள் மாதம் 7,700 ரூபாயில் தொடங்கினார்கள். பிறகு அது 14,000, 18,000 என்று ஏறியது. காலமுறை ஊதியத்துக்கு மாறுவது காலியிடத்தையும் மூப்பு வரிசையையும் பொறுத்தது, அதற்கு வருடங்கள் ஆகும். இதைத் தெரிந்துகொண்டு சேருங்கள். அரசாங்கச் சம்பளம் வரப்போகிறது என்று வீட்டில் நகைக் கடன் வாங்க விடாதீர்கள்.

சேர்ந்ததும் கையைப் பழக்க வேண்டிய முதல் காரியம் டியூட்டி மாறும் நேரம். பேச்சில் ‘எல்லாம் இருக்கு சிஸ்டர்’ என்று சொல்லிவிட்டுப் போவார்கள். கையால் தொட்டுப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். லேபர் ரூமில் ஏழு ட்ரே இருக்க வேண்டும்: பிரசவ ட்ரே, எபிசியாட்டமி (பிறப்பு வழியில் வெட்டுப் போட்டுத் தைக்கும்) ட்ரே, குழந்தை ட்ரே, மருந்து ட்ரே, அவசர மருந்து ட்ரே, எம்.வி.ஏ (கர்ப்பப்பையை உறிஞ்சிச் சுத்தம் செய்யும்) ட்ரே, பி.பி.ஐ.யு.சி.டி (பிரசவமானதும் காப்பர்-டி வைக்கும்) ட்ரே. எல்லாவற்றுக்கும் முன்னால் நான் தொடுவது குழந்தைக்கான ஆம்பு பேக். மாஸ்க்கை உள்ளங்கையில் அழுத்தி வைத்து பேக்கை அமுக்குங்கள். கையில் எதிர்ப்புத் தெரிய வேண்டும், அழுத்தம் கூடினால் வால்வ் ‘புஸ்’ என்று திறக்க வேண்டும், விட்டதும் பேக் உடனே உப்ப வேண்டும். மாஸ்க் 0, 1 இரண்டு அளவும் வேண்டும். அடுத்தது ஆக்சிஜன் சிலிண்டரைத் திறந்து முள் எங்கே நிற்கிறது என்று பாருங்கள், சாவி சிலிண்டரோடு கட்டியிருக்கட்டும். ரேடியன்ட் வார்மரை ஒரு தடவை போட்டுப் பாருங்கள். வலிப்புக்கான மக்னீசியம் சல்பேட் ஆம்பியூல் பத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும், பக்கத்திலேயே அதற்கு முறிவு மருந்தான கால்சியம் குளுகோனேட். கடைசியாக டார்ச். ஜெனரேட்டர் இருக்கிறது என்று சொல்வார்கள், டீசல் இருக்கிறதா என்று நீங்கள் கேளுங்கள்.

கடற்கரைக்கே உரிய தொல்லை உப்புக் காற்று. ஆர்ட்டரி ஃபோர்செப்ஸின் பூட்டு துருப்பிடித்துக் தொப்புள்கொடியைப் பிடிக்கும்போது நழுவும். கத்தரிக்கோல் மழுங்கி, வெட்டுவதற்குப் பதிலாகக் கசக்கும். பாதித் துரு நம் கையால் வருவதுதான். குளோரின் தண்ணீர் 0.5 சதவீதம் என்பது ஒரு லிட்டருக்கு 15 கிராம் ப்ளீச்சிங் பவுடர், தலைதட்டி மூன்று டீஸ்பூன். அதில் கருவிகள் பத்து நிமிடம் கிடந்தால் போதும். இரவு பிரசவம் பார்த்த அசதியில் காலை வரை ஊறப் போட்டுவிட்டால் மூன்றே மாதத்தில் செட் முழுவதும் கழித்துப் போட வேண்டியதுதான். எடுத்ததும் கழுவி, பூட்டைத் திறந்து வைத்து, ஈரம் போகத் துடைத்து, அப்புறம்தான் ஆட்டோகிளேவ். அதற்கும் போர்வெல் தண்ணீரை ஊற்றாதீர்கள், அடியில் உப்பு கட்டி ஹீட்டர் போய்விடும். ஆர்.ஓ தண்ணீரோ டிஸ்டில்டு வாட்டரோ கேட்டு வாங்குங்கள். ஒரு கேன் தண்ணீருக்கு இண்டென்ட் (கேட்புச் சீட்டு) போட யோசிப்பவர்கள் பிறகு ஆட்டோகிளேவ் ரிப்பேருக்கு மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள்.

கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கும் ஆக்சிடோசினைத் தனியாகச் சொல்ல வேண்டும். அது 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டிய மருந்து. தடுப்பூசிக் குளிர்பெட்டியான ஐ.எல்.ஆரில் மற்ற மருந்தை வைக்க விடமாட்டார்கள், அது சரியான விதியும்கூட. ஆகவே லேபர் ரூம் ஃப்ரிட்ஜ் உங்கள் பொறுப்பு. உள்ளே ஒரு தெர்மாமீட்டர் கிடக்கட்டும், கரண்ட் போனால் கதவைத் திறக்காதீர்கள், நீண்ட நேரம் போனால் ஐஸ் பேக் போட்ட வேக்சின் கேரியரில் மாற்றுங்கள். சித்திரை வெயிலில் ட்ரேயில் நாள் கணக்கில் கிடந்த ஆம்பியூல் பார்க்கப் புதுசு மாதிரியே இருக்கும். போட்டால் கர்ப்பப்பை சுருங்காது. குற்றம் கையில் இருந்தவள் மேல்தான் வரும்.

இனி கேஸ் வரும் நேரம். வலி என்று வருபவளுக்குச் சூட்டு வலியா நிஜ வலியா என்று பார்க்க, வயிற்றில் கை வைத்துப் பத்து நிமிடம் உட்காருங்கள். பத்து நிமிடத்தில் மூன்று தடவை, ஒவ்வொன்றும் நாற்பது நொடிக்கு மேல் இறுகினால் நிஜம். சூட்டு வலியாகவே இருந்தாலும் வீடு தூரம், ராத்திரி வண்டி கிடையாது என்றால் திருப்பி அனுப்பாதீர்கள், ஒரு கட்டில் கொடுங்கள். உள்பரிசோதனைக்கு முன்னால் பி.பி, யூரின் ஆல்புமின், ஹீமோகுளோபின். மன்னார் வளைகுடாப் பக்கம் பாசி எடுக்கப் போகும் பெண்கள் மாதம் ஏறிய பிறகும் கடலில் இறங்குவதுண்டு. கால் வீக்கத்தைக் கேட்டால் ‘தண்ணியிலயே நிக்கிறோம்ல சிஸ்டர், அதான்’ என்பார்கள். நம்பிவிடாதீர்கள். 140/90 இருந்தால் நான்கு மணி நேரம் கழித்துத் திரும்பப் பாருங்கள், 160/110 என்றால் திரும்பப் பார்க்கும் வரை கூடக் காத்திருக்காமல் டாக்டரைக் கூப்பிடுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். வீட்டில் வரவு நின்றால் முதலில் சுருங்குவது மாசமாக இருப்பவளின் தட்டு. ஆகவே அட்டையில் இரண்டு மாதத்துக்கு முன் எழுதிய ஹீமோகுளோபினை வைத்து முடிவெடுக்காமல் அன்றைக்கே பாருங்கள். 7-க்குக் கீழே இருப்பவளை இங்கே வைத்துப் பார்க்கவே கூடாது. அவளுக்குச் சாதாரண ரத்தப்போக்கே ஆளைக் கொண்டுபோய்விடும். நோன்பு மாதத்தில் கீழக்கரை, பெரியபட்டினம் பக்கத்திலிருந்து வருபவளிடம் நோன்பு வைத்திருக்கிறாளா, கடைசியாக எப்போது தண்ணீர் குடித்தாள் என்று கேளுங்கள். மறைப்புத் துணி போட்டுப் பார்த்தால் பாதிப் பதற்றம் போய்விடும், அதற்குச் செலவு ஒன்றும் இல்லை.

‘மாப்பிள்ளை கடலுக்குப் போயிருக்காரு, வரட்டும்’ என்பது இங்கே அடிக்கடி கேட்கும் வாசகம். 18 வயது நிறைந்தவள் தன் உடம்புக்குத் தானே கையெழுத்துப் போடலாம். மாப்பிள்ளைக்காகவோ மாமியாருக்காகவோ ரெஃபரலை (பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதை) தள்ளிவைக்கச் சட்டத்தில் ஒன்றும் சொல்லவில்லை. மாமியாரிடம் மரியாதையாகச் சொல்லுங்கள், ஆனால் பேனாவை அவளிடம் கொடுங்கள். வயது 18-க்குக் கீழே என்று ஆதாரில் இருந்தால் அது போக்சோ. உடனே மெடிக்கல் ஆபீசரிடம் சொல்லி, காவல் நிலையத்துக்குத் தகவல் போக வேண்டும். ‘19-ன்னு எழுதிக்கங்கம்மா, குடும்ப மானம்’ என்று கையைப் பிடிப்பார்கள். பாவமாகத்தான் இருக்கும். எழுதாதீர்கள். அந்தப் பெண்ணுக்கான சிகிச்சை ஒரு நிமிடம்கூடத் தாமதமாகக் கூடாது. அதே நேரம் பதிவில் பொய்யும் இருக்கக் கூடாது.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். பார்ட்டோகிராஃபைப் பிரசவம் முடிந்த பிறகு உட்கார்ந்து நிரப்பும் வழக்கம் பல இடங்களில் உண்டு. அழகாக அலர்ட் கோட்டுக்கு இடப்பக்கமாகவே எல்லாப் புள்ளியும் விழுந்திருக்கும், எல்லாம் சரியான வேகத்தில் நடந்த மாதிரி. ஆடிட்டுக்காரர்களுக்கு அது பார்த்தவுடனே தெரியும். அதைவிட மோசம், தூரத்தில் வேலை பார்க்கும் நமக்கு இருக்கும் ஒரே கடிகாரத்தை நாமே நிறுத்திவிடுகிறோம். கர்ப்பப்பை வாய் 4 செ.மீ திறந்ததும் புள்ளி வையுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் கொண்டுவந்த லேபர் கேர் கைடில் அது 5 செ.மீ. உங்கள் கேஸ் ஷீட்டில் எது அச்சாகியிருக்கிறதோ அதையே பின்பற்றுங்கள், இரண்டையும் கலக்காதீர்கள். குழந்தையின் இதயத் துடிப்பு அரை மணிக்கு ஒரு தடவை, முக்க ஆரம்பித்த பிறகு ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை. 110-க்குக் கீழேயோ 160-க்கு மேலேயோ நின்றால் இடது பக்கம் சாய்த்துப் படுக்க வைத்துத் திரும்ப எண்ணுங்கள். உள்பரிசோதனை நான்கு மணிக்கு ஒரு தடவை போதும். ஆளாளுக்குக் கை விட்டுப் பார்ப்பது கிருமியை உள்ளே ஏற்றும் வேலை.

பழைய பார்ட்டோகிராஃபில் அலர்ட் கோட்டுக்கும், இனி பொறுக்காமல் ஏதாவது செய்தாக வேண்டும் என்று சொல்லும் ஆக்‌ஷன் கோட்டுக்கும் இடையில் நான்கு மணி நேரம். தியேட்டர் பக்கத்துக் கதவில் இருப்பவர்கள் அந்த நான்கு மணி நேரத்தைப் பார்த்துச் செலவழிக்கலாம். நம் கணக்கைப் போட்டுப் பாருங்கள்: 108 வந்து சேர அரை மணி, ஏற்றிக் கிளப்பப் பத்து நிமிடம், சாலையில் ஒன்றேகால் மணி, அங்கே பதிந்து பார்த்துத் தியேட்டர் ஏற்ற அரை மணிக்கு மேல். இரண்டரை மணி நேரம் இதிலேயே போய்விட்டது. ஆக்‌ஷன் கோடு வரை பொறுத்திருந்து கூப்பிட்டால் அவள் டேபிளில் ஏறும்போது ஆறரை மணி நேரம் தாமதம். ஆகவே நமக்கு அலர்ட் கோடே ஆக்‌ஷன் கோடு. தாண்டியதும் போனை எடுங்கள். டாக்டரிடம் ‘மேடம், பேஷண்ட் ஒரு மாதிரியா இருக்கு’ என்று தொடங்கினால் தூக்கக் கலக்கத்தில் ‘பாத்துக்கங்க’ என்றுதான் பதில் வரும். ‘இரண்டாவது பிரசவம், 39 வாரம், 4 மணிக்கு 5 செ.மீ, 8 மணிக்கு 6, தலை இறங்கவில்லை, துடிப்பு 108, அனுப்புகிறேன்’ என்று எண்களை வரிசையாகச் சொல்லுங்கள். சொன்ன நேரத்தையும் வந்த பதிலையும் கேஸ் ஷீட்டில் எழுதுங்கள்.

அனுப்பிய கேஸ் அங்கே போய்ச் சேர்ந்த கால் மணியில் சுகப்பிரசவம் ஆகிவிட்டால் உங்களுக்குத் திட்டு விழும். ‘இதுக்குப் போய் அனுப்புவீங்களா, உங்களுக்கு எதுக்கு லேபர் ரூம்’ என்பார்கள். அவமானமாக இருக்கும், வீட்டுக்குப் போயும் அந்தக் குரல் காதில் கேட்கும். அந்தத் திட்டை வாங்கிக்கொள்ளுங்கள். திட்டுக்குப் பயந்து அடுத்த கேஸை ஒரு மணி நேரம் கூடுதலாக வைத்துப் பார்க்கிற பழக்கம்தான் ஆபத்து.

கூட வந்தவர்களின் நெருக்கடி இன்னொரு பக்கம். ‘புள்ள வலி தாங்கல, ஒரு ஊசியப் போட்டு எடுத்துவிடுங்க’ என்பார்கள். குழந்தை பிறக்கும் முன் ஆக்சிடோசினைத் தசையில் போடவே கூடாது. கர்ப்பப்பை கிழியலாம், குழந்தைக்கு மூச்சு முட்டலாம். டிரிப்பில் போடுவது டாக்டர் உடனிருந்து, சிசேரியன் வசதி உள்ள இடத்தில் செய்ய வேண்டியது. மேல்வயிற்றை அமுக்கித் தள்ளுவது இன்னும் சில இடங்களில் நடக்கிறது. ஆயாம்மா உதவிக்கு வந்து கை வைத்தால் அன்பாக எடுத்துவிடுங்கள். முதல் பிள்ளை என்பதற்காக எல்லோருக்கும் வெட்டுப் போடவும் தேவையில்லை. இருக்கும் நேரத்துக்கு அவளை நடக்க விடுங்கள், குடிக்கக் கொடுங்கள், துணைக்கு வந்த அம்மாவையோ அக்காவையோ இடுப்பைத் தடவிவிடச் சொல்லுங்கள்.

பிள்ளை வெளியே வந்ததும் எல்லோர் கண்ணும் பிள்ளை மேல் போகும். உங்கள் ஒரு கண் கீழே இருக்கட்டும். உள்ளே இன்னொரு பிள்ளை இல்லை என்று வயிற்றைத் தொட்டு உறுதி செய்து, ஒரு நிமிடத்துக்குள் ஆக்சிடோசின் 10 யூனிட் தொடையில். ஒரு ஆம்பியூல் 5 யூனிட் என்றால் இரண்டு உடைக்க வேண்டும், அவசரத்தில் ஒன்றோடு நிறுத்திவிடுவார்கள். கொடியை ஒன்று முதல் மூன்று நிமிடம் கழித்து வெட்டுங்கள். கர்ப்பப்பை இறுகும்போது மேலே ஒரு கை தாங்க, கொடியை நிதானமாக இழுங்கள். இறுகாதபோது இழுத்தால் கர்ப்பப்பையே புரண்டு வரும். நஞ்சுக்கொடி விழுந்ததும் தட்டில் விரித்து எல்லா மடலும் இருக்கிறதா, ஓரத்தில் ரத்தக்குழாய் அறுந்து நிற்கிறதா என்று கழுவிப் பாருங்கள். பிறகு இரண்டு மணி நேரத்துக்குக் கால் மணிக்கு ஒரு தடவை நாடி, பி.பி, கசிவு, கர்ப்பப்பையின் இறுக்கம். தொப்புளுக்குக் கீழே கிரிக்கெட் பந்து மாதிரி கெட்டியாக இருக்க வேண்டும். மெத்தென்று மேலேறி வலப்பக்கம் ஒதுங்கியிருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது நிறைந்த மூத்திரப்பை.

ரத்தத்தைக் கண்ணால் அளக்காதீர்கள், நாம் எப்போதும் குறைத்துத்தான் சொல்வோம். அளவுக் கோடு போட்ட ட்ரேப் இருந்தால் இடுப்புக்கு அடியில் விரியுங்கள். இல்லையென்றால் கிட்னி ட்ரே நிரம்பினால் 500 மி.லி, நனைந்த துணியைக் குழந்தை எடைக் கருவியில் வைத்து உலர்ந்த துணியின் எடையைக் கழித்தால் ஒரு கிராமுக்கு ஏறத்தாழ ஒரு மி.லி. பிரசவ ரத்தப்போக்கைப் பற்றி 2023-இல் வெளியான ஈ-மோட்டிவ் ஆய்வுக்குப் பிறகு எல்லோரும் சொல்வது, 500 ஆகட்டும் என்று பார்த்துக்கொண்டிருக்காதே, 300 தாண்டி ஓட்டம் நிற்காவிட்டாலோ நாடியும் பி.பி-யும் மாறினாலோ தொடங்கிவிடு, ஒவ்வொன்றாகப் பார்க்காமல் எல்லாவற்றையும் சேர்த்துச் செய் என்பதுதான். ஆயாம்மாவை 108-க்குப் போன் போடச் சொல்லிவிட்டு நீங்கள் கர்ப்பப்பையைத் தேயுங்கள். பச்சை நிற 18 அல்லது சாம்பல் நிற 16 கேனுலா இரண்டு கையிலும், ஒரு லிட்டர் ரிங்கர் லாக்டேட்டில் ஆக்சிடோசின் 20 யூனிட் போட்டு நிமிடத்துக்கு 40 முதல் 60 சொட்டு. டிரானெக்சாமிக் ஆசிட் 1 கிராம் நரம்பில் பத்து நிமிடமாக மெதுவாக, பிரசவமாகி மூன்று மணி நேரத்துக்குள். மூத்திரக் குழாய் போட்டுப் பையைக் காலி செய்யுங்கள். நிற்கவில்லையா, மிசோப்ரோஸ்டால் 200 மைக்ரோகிராம் மாத்திரை நான்கு நாக்கின் அடியில். ரத்தப்போக்குக்குப் போடும் மற்ற ஊசிகளில், பி.பி ஏறியவளுக்கு மெதர்ஜின் கூடாது, ஆஸ்துமாக்காரிக்குக் கார்போப்ரோஸ்ட் கூடாது. கர்ப்பப்பை கெட்டியாக இருந்தும் ஓடுகிறது என்றால் கிழிசல், வெளிச்சம் பிடித்துப் பாருங்கள். வண்டி வரும்வரை ஒரு கை உள்ளே, ஒரு கை வெளியே அழுத்திப் பிடித்திருக்க வேண்டியிருக்கும், கை மரத்துப் போகும், விடக் கூடாது. மேலெழுந்து நாடி பி.பி-யின் மேல் எண்ணைத் தொடத் தொடங்கிவிட்டால் நிலைமை கைமீறுகிறது என்று பொருள்.

வலிப்புக்கு மக்னீசியம். இரண்டு மி.லி ஆம்பியூல் ஒன்றில் 1 கிராம். ரெஃபர் செய்யும் முன் ஐந்து ஐந்தாக இரண்டு பிட்டத்திலும் ஆழமாக, மொத்தம் பத்து கிராம். இதற்காகத்தான் பத்து ஆம்பியூல் எண்ணச் சொன்னேன். இடது பக்கம் சாய்த்துப் படுக்க வையுங்கள், பல்லுக்கு நடுவே எதையும் திணிக்காதீர்கள். மூச்சு நிமிடத்துக்கு 16-க்குக் குறைந்தாலோ முழங்கால் துள்ளல் போனாலோ மூத்திரம் மணிக்கு 30 மி.லி-க்குக் குறைந்தாலோ அடுத்த டோஸ் கிடையாது. மூச்சே அடங்கினால் கால்சியம் குளுகோனேட் 10 சதவீதம் 10 மி.லி மெதுவாக.

பிள்ளை அழவில்லை என்றால் துடைத்து, முதுகைத் தேய்த்து, தலையைச் சற்று நிமிர்த்தி, ஒரு நிமிடத்துக்குள் பேக் மாஸ்க் போட்டாக வேண்டும், நிமிடத்துக்கு 40 முதல் 60 தடவை. பார்க்க வேண்டியது நெஞ்சு எழும்புகிறதா என்பதை. எழும்பவில்லை என்றால் மாஸ்க்கைத் திரும்ப ஒட்டிவையுங்கள். தலைகீழாகப் பிடித்து அடிப்பதெல்லாம் சினிமாவோடு போகட்டும். வைட்டமின் கே 1 மி.கி, ஒரு மணி நேரத்துக்குள் பால். 1,800 கிராமுக்குக் குறைந்த பிள்ளை எஸ்.என்.சி.யு என்ற பச்சிளம் பிள்ளைகளுக்கான சிறப்பு வார்டுக்கு, போகும் வழியில் தாயின் நெஞ்சோடு சேர்த்து. சேனை வைக்கிறேன் என்று சீனித் தண்ணீரோடும் தேனோடும் பாட்டிமார் வருவார்கள். சண்டை போட்டால் நீங்கள் போன பிறகு வைப்பார்கள். ‘முதல் சேனை சீம்பாலாவே இருக்கட்டும்மா’ என்று சொன்னால் பலர் கேட்கிறார்கள்.

சாலைக்கும் நாள்காட்டி உண்டு. ஆடி அமாவாசை, தை அமாவாசை, மகாளய அமாவாசைக்கு ராமேஸ்வரம் சாலை வண்டிகளால் அடைத்துக் கிடக்கும். சாதாரண ஞாயிற்றுக்கிழமையிலேயே பாம்பன் பாலத்தில் காரை நிறுத்திவிட்டுக் கடலையும் ரயில் பாலத்தையும் படம் எடுப்பவர்களுக்கு நடுவில் ஆம்புலன்ஸ் ஊர்ந்துதான் போகும். எனக்கு அந்தப் பாலத்தில் இன்று வரை அழகு எதுவும் தெரிவதில்லை. அந்த நாட்களில் உங்கள் இரண்டரை மணிக் கணக்கில் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். ஐப்பசி கார்த்திகையில் புயல் எச்சரிக்கை வந்தால் தேதி நெருங்கியவர்களின் பட்டியலைக் கிராம சுகாதார நர்ஸான வி.எச்.என்-னிடம் வாங்கி, முன்பு சிசேரியன் ஆனவர்கள், பி.பி உள்ளவர்கள், இரட்டைப் பிள்ளைக்காரர்கள் எல்லோரையும் காற்று கிளம்பும் முன்பே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுங்கள். ரெஃபரல் சீட்டில் பிக்மி எண் (கர்ப்பிணிகளுக்கான அரசுப் பதிவு எண்), ரத்த வகை, கொடுத்த மருந்து, அளவு, நேரம். ரத்தம் கொடுக்க உடம்பு தெம்பான இரண்டு சொந்தக்காரர்கள் கூடப் போகட்டும். அங்கே லேபர் வார்டுக்கு முன்கூட்டியே போன் செய்து பேசியவரின் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.

எழுத்து வேலையைச் சலித்துக்கொள்ளாதீர்கள். தாய் இறந்தால் ஒவ்வொரு மரணத்துக்கும் மாவட்ட அளவில் ஆய்வு நடக்கும், அங்கே பேசப்போவது உங்கள் கேஸ் ஷீட். நேரத்தைக் கடிகாரம் பார்த்து எழுதுங்கள், அடித்துத் திருத்தினால் கையெழுத்தும் தேதியும் போடுங்கள், மேலே வெள்ளை பூசாதீர்கள். பிக்மியில் பெயரோ வங்கிக் கணக்கோ ஓர் எழுத்துப் பிசகினால் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தின் 18,000 ரூபாயில் ரொக்கமாக வர வேண்டிய பங்கு நின்றுபோகும். அந்தப் பெண் கைப்பிள்ளையோடு உங்களிடம்தான் வந்து நிற்பாள்.

இறந்து பிறக்கும் பிள்ளையைப் பற்றி எந்தப் பாடமும் சொல்வதில்லை. தாயிடம் மறைத்து, துணியில் சுற்றி, ஆண்களிடம் கொடுத்து அனுப்பிவிடுவதுதான் பழைய வழக்கம். அவளிடம் கேளுங்கள், பார்க்க வேண்டும் என்றால் துடைத்துச் சுற்றிக் கையில் கொடுங்கள். பிள்ளை அழும் சத்தம் கேட்காத கட்டிலுக்கு மாற்றுங்கள். இரண்டாம் மூன்றாம் நாள் பால் கட்டும் என்று முன்பே சொல்லி, இறுக்கமான உள்ளாடை, குளிர்ந்த துணி, மாத்திரைக்கு டாக்டர் என்று வழி சொல்லி அனுப்புங்கள். அன்றைக்கு நீங்கள் அழுதாலும் குற்றமில்லை, ஆனால் அடுத்த கட்டிலில் வலியோடு இருப்பவளுக்கு முகம் கழுவிவிட்டுப் போங்கள்.

பிள்ளை பிறந்த சந்தோஷத்துக்கு என்று நூறு இருநூறு நீட்டுவார்கள். பையன் என்றால் கூடுதல், பெண் என்றால் குறைவு என்று ஒரு கணக்கே சில இடங்களில் ஓடுகிறது. ஒரு ரூபாய் தொடாதீர்கள். கடன் வாங்கி வந்த காசு அது, உங்கள் ரெஃபரல் முடிவைக்கூட நாளைக்குச் சந்தேகப்பட வைக்கும். உடம்பையும் பாருங்கள். ஹெபடைட்டிஸ் பி ஊசி 0, 1, 6 மாதம் மூன்றும் முடியாமல் லேபர் ரூமுக்குள் போகாதீர்கள். ஊசி குத்திவிட்டால் பிதுக்காமல் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவி, உடனே சொல்லுங்கள். எச்.ஐ.வி தடுப்பு மருந்து முடிந்தால் இரண்டு மணி நேரத்துக்குள், அதிகபட்சம் 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள். வெட்கப்பட்டு மறைத்தவர்கள் மாதக்கணக்கில் தூக்கம் கெட்டார்கள். நரம்பு சுருட்டிக்கொள்வதற்கு முன்பே காலுக்கு ஸ்டாக்கிங்ஸ் வாங்குங்கள்.

இதே வேலையில் மேலே போக 21 நாள் எஸ்.பி.ஏ (திறமையாகப் பிரசவம் பார்ப்பதற்கான) பயிற்சியைக் கேட்டு வாங்குங்கள். 18 மாத மிட்வைஃபரி நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பு வருகிறது, பிரசவத்தை விட்டு வெளியேற மனமில்லாதவர்களுக்கு அதுதான் பொருத்தம் என்பது என் எண்ணம். எம்.எஸ்சி இரண்டு வருடம் கற்பிக்கப் போகிறவர்களுக்கு. கீழக்கரைப் பக்கம் வீட்டுக்கு வீடு வளைகுடாவில் ஆள் இருப்பதால் ஏஜென்ட் பேச்சு உங்களைத் தேடி வரும். லட்சக்கணக்கில் கட்டிவிட்டு விசா வராமல் இரண்டு வருடம் வீட்டில் உட்கார்ந்தவர்கள் நம் மாவட்டத்தில் குறைவில்லை. உரிமம் பெற்ற ஏஜென்ட் அதிகபட்சமாக வாங்கக் கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி-யும், ரசீதோடு. உரிம எண்ணை மத்திய அரசின் ஈ-மைக்ரேட் தளத்தில் சரிபாருங்கள். அதற்கும் முன்னால் வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுத்து அனுப்பும், சென்னையில் இருக்கும் தமிழக அரசின் ஓ.எம்.சி.எல் நிறுவன அறிவிப்புகளைப் பாருங்கள். எங்கே போவதானாலும் விலகும்போது வாங்கும் அனுபவச் சான்றில் வெறுமனே ‘ஸ்டாஃப் நர்ஸ்’ என்று இருந்தால் பயனில்லை. லேபர் ரூம், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, மாதத்துக்குச் சராசரி எத்தனை பிரசவம் என்று எழுதி வாங்குங்கள். கையெழுத்துப் போட வேண்டிய மெடிக்கல் ஆபீசர் மாற்றலாகிப் போவதற்கு முன்னால் வாங்கிவிடுங்கள்.